சிறிய அறக்கட்டளைக்கு எது போதும்: கூகுள் ஷீட்ஸா, சிஆர்எம்மா, எந்த வகை வெப்சைட்?

ஆண்டுக்குப் பத்திலிருந்து முப்பது லட்சம் ரூபாய் வரவு. சம்பளத்துக்கு மூன்று நான்கு பேர். நன்கொடையாளர்கள் இருநூறிலிருந்து எண்ணூறு. ஏழெட்டு ஊர்களில் மாலை நேர வகுப்பு, அல்லது முதியோருக்கு மதியச் சாப்பாடு. தமிழ்நாட்டில் இந்த அளவில் நடக்கும் அறக்கட்டளைக்காகவே இந்த ஒப்பீடு. சிஆர்எம் என்பது நன்கொடையாளர் விவரங்களையும் அவர்களோடு உள்ள தொடர்புகளையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள். அங்கே பொதுவாகக் கையில் இருப்பவை: அச்சிட்ட ரசீதுப் புத்தகம், அலுவலகக் கணினியில் ஒரு எக்செல் கோப்பு, வகுப்பு எடுப்பவர்களிடம் வருகை நோட்டு, ஆடிட்டரிடம் டேலி கணக்கு மென்பொருள், எப்போதோ ஒரு தன்னார்வலர் போட்டுக்கொடுத்த வெப்சைட்.

இதையெல்லாம் சீர்செய்ய உட்கார்ந்ததும் டிரஸ்டிகள் முதலில் கேட்பது வெப்சைட்டைத்தான். வெளியே தெரிவது அது ஒன்றுதானே. ஆனால் நன்கொடை பட்டனை அழுத்துகிறவரின் பெயரும் முகவரியும் பான் எண்ணும் போய்ச் சேர ஓர் இடம் முன்பே தயாராக இருக்க வேண்டும். அது இல்லாமல் வெப்சைட்டை மட்டும் புதுப்பித்தால், பணம் வரும், யாருடைய பணம் என்பது வராது. அதனால் முதலில் தரவு, பிறகு வெப்சைட்.

மே 31 கேட்கும் விவரங்கள்

எந்தக் கருவி என்று முடிவெடுக்கும் முன், அந்தக் கருவியிலிருந்து கடைசியில் என்ன வெளியே வர வேண்டும் என்று பார்க்க வேண்டும். 80ஜி பதிவு (நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரி விலக்கு கிடைக்கச் செய்வது) உள்ள அமைப்புகளுக்கு அதில் குழப்பமே இல்லை. 2021-22 நிதியாண்டிலிருந்து, வாங்கிய நன்கொடைகளின் பட்டியலைப் படிவம் 10பிடி-யில், நிதியாண்டு முடிந்தபின் மே 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதன் பிறகு வருமான வரி போர்ட்டலிலிருந்து 10பிஇ சான்றிதழை இறக்கி, அதே மே 31-க்குள் கொடையாளர்களுக்கு அனுப்ப வேண்டும். நாம் அச்சடித்துக் கொடுக்கும் ரசீதை மட்டும் வைத்து அவர்கள் வரிவிலக்கு கோர முடியாது. தாக்கல் தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அது போக 10,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. எந்த ஆண்டுக்கு எந்தப் படிவம் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியல் ஒவ்வொரு நன்கொடைக்கும் கேட்பவை இவை: கொடையாளரின் பெயர், முகவரி, அடையாள எண்ணின் வகை, அந்த எண், தொகை, மூலதன நிதியா குறிப்பிட்ட பணிக்கா மற்றதா என்ற வகை, ரொக்கமா வங்கி வழியா பொருளா என்ற வழி. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் 80ஜி விலக்கு கிடையாது என்பதை ரசீது எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். மே மாதம் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு 80ஜி விலக்கு பொருந்தாது, அதனால் “எனக்கு ரசீதே வேண்டாம், பான் எதற்கு” என்று கேட்பார்கள். அவருக்குப் பயன் இல்லையென்றாலும் நம் பட்டியலில் அவர் இருக்க வேண்டும்.

கூகுள் ஷீட்ஸ்: ஒழுங்காக வைத்தால்

இந்த அளவிலான அமைப்புக்கு எங்கள் பரிந்துரை இதுதான். ஆனால் இப்போது இருக்கும் எக்செல் கோப்பை அப்படியே ஏற்றுவது அல்ல. அந்தக் கோப்பில் பெரும்பாலும் ஒருவருக்கு ஒரு வரி, ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு பத்திகள், இடையில் ஒன்றாக்கிய கட்டங்கள், “மஞ்சள் என்றால் பணம் வரவில்லை” என்கிற வண்ணக் கணக்கு என்று இருக்கும். வண்ணத்தைக் கூட்ட முடியாது. ஒரே மாதத்தில் ஒருவர் இரண்டு முறை கொடுத்தால் எழுத இடமும் இல்லை.

மூன்று தாள்கள் போதும். முதல் தாள் நபர்கள்: ஒருவருக்கு ஒரு வரி, ஒரு குறியீடு (ந-0001 என்பதுபோல), பானில் உள்ளபடி ஆங்கிலப் பெயர், கடிதத்துக்குத் தமிழ்ப் பெயர், முகவரி, அஞ்சல் குறியீடு, கைபேசி, மின்னஞ்சல், பான், இந்தியக் குடியுரிமை உண்டா இல்லையா. இரண்டாவது தாள் வரவு: ஒரு ரசீதுக்கு ஒரு வரி. ரசீது எண், தேதி, நபர் குறியீடு, தொகை, வழி, வகை, யூபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் அல்லது காசோலை எண். ரத்தான ரசீதை அழிக்கக் கூடாது. தொகையைச் சுழியமாக்கி, நிலை என்ற பத்தியில் “ரத்து” என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் ஆடிட்டர் வரிசை எண்ணில் ஓட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்பார். மூன்றாவது தாளில் தேர்வுப் பட்டியல்கள். ரொக்கம், யூபிஐ, காசோலை, பொருள் என்பவற்றைக் கையால் அடிக்க விடாமல் அங்கிருந்து தேர்ந்தெடுக்க வைத்தால், “ஜிபே”, “கூகுள் பே”, “ஆன்லைன்” என்று ஒரே விஷயம் மூன்று பெயரில் வராது.

இனி கெட்டுப்போகும் இடங்கள். கோப்பு அமைப்பில் நாடு இந்தியா என்று இல்லாவிட்டால் 03/04/2025 என்பது மார்ச் 4 ஆகி முந்தைய நிதியாண்டில் விழும். கைபேசி எண்ணின் முன்னால் கூட்டல் குறி போட்டால் அதைக் கணக்கு என்று எடுத்துக்கொள்ளும், எனவே அந்தப் பத்தியை எழுத்து வடிவமாக மாற்றுங்கள். எக்செல் எந்த எண்ணிலும் 15 இலக்கம்தான் காக்கும். சில வங்கிகளின் 16 இலக்கக் கணக்கு எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் சுழியமாகிவிடும். பிறகு எழுத்து வடிவத்துக்கு மாற்றினாலும் போனது போனதுதான்.

பான் எண்ணைச் சரிபார்க்க ஒரு விதி போடலாம்: ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. நான்காவது எழுத்தைத் தனியாகப் பாருங்கள். தனிநபருக்கு அது ‘பி’, கம்பெனிக்கு ‘சி’, டிரஸ்டுக்கு ‘டி’. கடைக்காரர் தன் பெயரில் கொடுத்துவிட்டு, எழுத்தரிடம் கேட்டு வாங்கிய கம்பெனி பானைத் தருவது அடிக்கடி நடக்கும். அது ரசீது எழுதும் நாளிலேயே பிடிபட்டுவிடும்.

பெயர்தான் நம் ஊரில் பெரிய தலைவலி. ரசீதில் “எஸ். முருகன்”, பானில் தந்தை பெயரோடு நீளமாக, வங்கியில் இனிஷியல் கடைசியில். லட்சுமிக்கு ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்துக்கூட்டல். அதனால் பெயரை வைத்துத் தேடி ஆளைச் சேர்க்காதீர்கள். கைபேசி எண்ணை வைத்துத் தேடுங்கள், பானை வைத்து உறுதி செய்யுங்கள். தமிழ்ப் பெயரிலும் ஒரு கண்ணி உண்டு. ‘கௌரி’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ள எழுத்தும் அடித்தால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் அகப்படாது. பழைய கோப்புகள் பாமினி, வானவில் எழுத்துருக்களில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றி, நூறு பெயரையாவது கண்ணால் சரிபாருங்கள்.

அறக்கட்டளைகளுக்கு கூகுள் தன் ஒர்க்ஸ்பேஸ் (சொந்த முகவரியில் மின்னஞ்சலும் அலுவலகக் கருவிகளும்) கணக்குகளைப் பதிவு ஆவணங்களைச் சரிபார்த்தபின் இலவசமாகத் தருகிறது. முறையான பள்ளி, மருத்துவமனை நடத்தும் அமைப்புகளை இந்தத் திட்டத்தில் ஏற்பதில்லை. இது கிடைத்தால் லாபம் மின்னஞ்சல் முகவரி மட்டுமல்ல. ரசீதை வார்ப்புருவிலிருந்து உருவாக்கி ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (ஷீட்ஸோடு சேர்த்து எழுதும் சிறு நிரல்) மூலம் அனுப்பும்போது, சாதாரண ஜிமெயில் கணக்கில் நாளொன்றுக்கு 100 பேருக்குத்தான் போகும். ஒர்க்ஸ்பேஸில் 1,500 வரை. மே கடைசி வாரத்தில் இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும்.

ஷீட்ஸின் உண்மையான பலவீனம் வேறு. ஒரு கோப்பைப் பார்க்க அனுமதித்தால் முழுவதையும் பார்க்கலாம். தாளை மறைப்பதும் பூட்டுவதும் தவறுதலாக அழிப்பதைத் தடுக்கும், படிப்பதைத் தடுக்காது. ஆகவே நன்கொடையாளர் கோப்பும் பயனாளிகள் கோப்பும் தனித்தனியாக இருக்கட்டும். இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற பகிர்வு இரண்டிலும் கூடாது.

சிஆர்எம் எப்போது?

சிவிசிஆர்எம் தொண்டு நிறுவனங்களுக்காகவே எழுதப்பட்ட திறமூல மென்பொருள். வெப்சைட் நடத்தும் மென்பொருள்களான வேர்ட்பிரஸ், ட்ருபல், ஜூம்லா ஆகியவற்றோடு சேர்ந்து ஓடும். நபர், நன்கொடை, உறுப்பினர், நிகழ்ச்சி, மொத்த மின்னஞ்சல் எல்லாம் ஒரே இடத்தில். யார் எதைப் பார்க்கலாம் என்று பிரிக்கவும் முடியும். ஷீட்ஸால் ஆகாதது இதுவே. ஆனால் இந்திய வரிப் படிவம் அதற்குத் தெரியாது. பானுக்குத் தனிப் புலம் நீங்கள் சேர்க்க வேண்டும், 10பிடி-க்கான பட்டியலுக்குத் தனி அறிக்கை அமைக்க வேண்டும். மாதம் ஒரு புதிய பதிப்பு வரும். நேரந்தோறும் ஓடும் பின்னணிப் பணி, மின்னஞ்சல் சர்வர், தரவுத்தளமும் கோப்புகளும் சேர்ந்த பேக்கப் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மென்பொருள் இலவசம், அந்த ஆள் இலவசமாகக் கிடைப்பது ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. அவர் வேலை மாறி பெங்களூர் போனதும் சிஆர்எம் அப்படியே நின்றுவிடும்.

சேல்ஸ்போர்ஸ் என்ற சிஆர்எம் நிறுவனம் தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு 10 உரிமங்களை இலவசமாகத் தருகிறது. அந்த இலவசம் பல டிரஸ்டிகளை மயக்கும். அதை நமக்கேற்ப அமைக்க ஆலோசகர் வேண்டும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மீண்டும் வேண்டும். முப்பது லட்ச ரூபாய் அமைப்புக்கு இது வேண்டாம். இஆர்பிநெக்ஸ்ட் மும்பையின் ஃப்ராப்பே நிறுவனத்தின் திறமூல மென்பொருள், கணக்குப் பதிவியலில் வலுவானது. ஆடிட்டர் டேலியில் இருக்கும்வரை எல்லா வரவையும் இரண்டு முறை ஏற்ற வேண்டிவரும், கணக்கையே அதற்கு மாற்றத் துணிந்தால் மட்டும் யோசிக்கலாம். இணையத்தில் அட்டவணையாகத் தரவு வைக்கும் ஏர்டேபிள் பார்க்க அழகு. இலவசத் திட்டத்தில் ஒரு தரவுத் தொகுப்புக்கு 1,000 பதிவுகள்தான், ஐந்நூறு பேர் இரண்டு முறை கொடுத்தாலே தீர்ந்துபோகும்.

ஷீட்ஸை விட்டு நகரலாம் என்பதற்கு எங்கள் அளவுகோல் வரிகளின் எண்ணிக்கை அல்ல. ஒரே பட்டியலை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு அளவில் மட்டும் பார்க்க வேண்டிய கட்டாயம் வந்தால், கூடவே வாரத்துக்கு அரை நாள் இதற்கென்று சம்பளம் வாங்கும் ஊழியர் ஒருவர் இருந்தால், சிவிசிஆர்எம்மை எடுங்கள். இரண்டில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் இன்னும் ஓராண்டு பொறுக்கலாம்.

களத்திலிருந்து வரும் தரவு

பயனாளிகள் விவரத்துக்கு மூன்று வழிகள்: காகிதம், கூகுள் ஃபார்ம், கோபோடூல்பாக்ஸ் (கணக்கெடுப்புக்கான கருவி, சுருக்கமாகக் கோபோ). தினசரி வருகைக்குக் காகித நோட்டே சிறந்தது என்று சொன்னால் தொழில்நுட்பத் தன்னார்வலர்கள் முகம் சுளிப்பார்கள். முப்பது பிள்ளைகள் கூச்சலிடும் அறையில் செயலியைத் திறந்து ஒவ்வொரு பெயராகத் தட்டுவது வகுப்பில் பத்து நிமிடத்தைத் தின்னும். மாதக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வந்த நாட்களின் கூட்டுத்தொகையை மட்டும் ஷீட்டில் ஏற்றினால் போதும், நன்கொடையாளருக்குப் போகும் அறிக்கைக்கு அதற்குமேல் தேவைப்படுவதில்லை.

வீடு வீடாகச் சென்று எடுக்கும் கணக்கெடுப்பு வேறு கதை. அங்கே கோபோ. ஆண்ட்ராய்டு போனில் சிக்னல் இல்லாமலே நிரப்பி, ஊர் திரும்பியதும் அனுப்பலாம். கேள்விகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே படிவத்தில் வைக்கலாம். “பள்ளிக்குப் போவதில்லை” என்றால் வகுப்புக் கேள்வி வராமல் தாண்டச் செய்யலாம். கூகுள் ஃபார்ம் இணையம் இருந்தால்தான் ஓடும். கோப்பு ஏற்றும் கேள்வி வைத்தால் நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் உள்நுழைய வேண்டும், பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஆகவே கூகுள் ஃபார்ம், தன்னார்வலர் பதிவு போன்ற சின்ன வேலைகளுக்கு. கோபோவிலிருந்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) இறக்கி எக்செல்லில் நேரடியாக இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரியலாம். கோப்பு கெடவில்லை. டேட்டா பட்டியிலிருந்து இறக்குமதி செய்து, குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

ஆதார் நகலை வாங்கி வைக்காதீர்கள். பயனாளியை அடையாளம் காண நீங்களே கொடுக்கும் ஊர்க் குறியீடும் வரிசை எண்ணும் போதும். அரசு கேட்கும் திட்டமென்றால் அந்தத் திட்டத்தின் போர்ட்டலில் மட்டும் பதியுங்கள்.

வெப்சைட்: மாதம் ஒருமுறை எழுத ஆள் உண்டா?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் “இல்லை” என்றால் கூகுள் சைட்ஸ். ஐந்து பக்கங்கள்: நாங்கள் யார், என்ன செய்கிறோம், கணக்கு வழக்கும் ஆண்டறிக்கையும், நன்கொடை, தொடர்பு. சொந்த டொமைனை (வெப்சைட்டின் முகவரிப் பெயர்) இணைக்கலாம். புதுப்பிக்க மென்பொருள் ஏதும் இல்லாததால் உடைத்து நுழைவார்கள் என்ற பயம் மிகக் குறைவு. குறைகளும் உண்டு: செய்திகளை மாதவாரியாக அடுக்கும் வசதி கிடையாது, வேறு இடத்துக்கு மாற நினைத்தால் கையால்தான் எடுத்துச்செல்ல வேண்டும்.

“உண்டு” என்றால் வேர்ட்பிரஸ். பகிர்வு ஹோஸ்டிங்கின் (பல வெப்சைட்டுகள் பங்கிடும் சர்வர் இடம்) முதலாண்டு விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், புதுப்பிப்பு விலை இரண்டு மூன்று மடங்காக இருக்கும். வாங்கும் முன்பே அந்தத் தொகையைக் கேளுங்கள். வேர்ட்பிரஸோடு வரும் தீம் (பக்க வடிவமைப்பு) ஒன்றே போதும். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை யாரோ “இலவசமாக” வைத்திருக்கிறார் என்றால் அதற்குள் பின்கதவு இருக்கிறது என்றே கொள்ளுங்கள். செருகுநிரல்கள் (கூடுதல் வசதி சேர்ப்பவை) ஆறுக்கு மேல் வேண்டாம், எல்லாவற்றுக்கும் தானியங்கிப் புதுப்பிப்பு, நிர்வாகக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு, அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற ஒன்றால் கூகுள் டிரைவுக்கு வாராந்தர பேக்கப். புதுப்பிக்காமல் விட்ட வேர்ட்பிரஸ் தளத்துக்கு நேரும் கதி தெரிந்ததுதான்: முகப்பு அப்படியே இருக்கும், உள்ளே ஆயிரக்கணக்கில் சூதாட்டப் பக்கங்கள் முளைத்திருக்கும். நன்கொடையாளர் கூகுளில் தேடும்போதுதான் அது தெரியவரும். கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்து வைத்தால் எச்சரிக்கை மின்னஞ்சலாவது வரும்.

மூன்றாவது வழி, ஹ்யூகோ போன்ற கருவியால் நிலையான பக்கங்கள் செய்து கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் இலவசமாக வைப்பது. வேகம், பாதுகாப்பு, செலவு எல்லாவற்றிலும் இதுவே முதலிடம். ஒரு தொலைபேசி எண்ணை மாற்றக்கூட நிரல் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும் என்பதால் பட்டியலில் கடைசி.

எதைத் தேர்ந்தாலும் தமிழ்ப் பக்கங்களை யூனிகோடில் எழுத்தாகவே வையுங்கள். துண்டுப் பிரசுரத்தைப் படமாக ஏற்றினால் தேடுபொறிக்கு அதில் ஒன்றும் தெரியாது, கண்பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கும் தெரியாது. போனில் எடுத்த 4 எம்பி படத்தை 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஏற்றுங்கள். இல்லங்களில் பராமரிக்கப்படும் குழந்தைகளின் பெயரும் படமும் போடவே கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. பெற்றோருடன் இருக்கும் பிள்ளைகளுக்கும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

நன்கொடை பட்டன்

வெறும் கியூஆர் குறியீட்டை முகப்பில் ஒட்டுவது எல்லாரும் செய்வது. கட்டணம் இல்லை, உடனே பணம். ஆனால் வங்கி ஸ்டேட்மென்ட்டில் வருவது ஒரு யூபிஐ முகவரியும் 12 இலக்க எண்ணும்தான். பானும் முகவரியும் இல்லாமல் அந்தத் தொகை மே மாதம் தொங்கும். கியூஆர்தான் வேண்டும் என்றால் முன்னால் ஒரு படிவம் வையுங்கள்: விவரம் நிரப்பிச் சமர்ப்பித்த பிறகு வரும் செய்தியில் கியூஆர் இணைப்பு தெரியட்டும்.

பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை) சுமார் 2 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுக்கும், 1,000 ரூபாய்க்கு ஏறத்தாழ 24 ரூபாய். பதிலுக்குப் பெயர், பான், தொகை, தேதி எல்லாம் ஒரே கோப்பில் இறங்கும், வரவுத் தாளில் அப்படியே ஒட்டலாம். அந்த 24 ரூபாய் தகும். விண்ணப்பிக்கும்போது வெப்சைட்டில் தொடர்பு, விதிமுறைகள், தனியுரிமை, பணம் திருப்பும் கொள்கை ஆகிய பக்கங்கள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவை இல்லாமல் விண்ணப்பித்துத் திரும்பிவரும் அமைப்புகள் நிறைய. திருப்பும் கொள்கையில் “தவறுதலாக இருமுறை செலுத்தினால் இத்தனை நாளுக்குள் தெரிவிக்கவும்” என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

எஃப்சிஆர்ஏ பதிவு (வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கானது) இல்லாதவர்கள் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும் வசதியை இயக்கவே கூடாது. பதிவு இருந்தாலும் அந்தப் பணம் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கி ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கானது) வைத்திருந்தால் ஆகும். படிவத்தில் குடியுரிமைக் கேள்வி இருக்க வேண்டியது இதற்காக.

யார் பெயரில்?

டொமைன், ஹோஸ்டிங், கேட்வே, கூகுள் கணக்கு எல்லாம் அறக்கட்டளையின் மின்னஞ்சலில், அலுவலக எண்ணில் இருக்க வேண்டும். தன்னார்வலரின் சொந்த ஜிமெயிலில் டொமைன் இருந்து அவர் வெளிநாடு போய்விட்டால், அந்தப் பெயரை மீட்பதைவிடப் புதிதாக வாங்குவது எளிது என்ற நிலை வரும். அச்சடித்த லெட்டர்ஹெட் எல்லாம் வீண். அலுவலக சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் ஓடிபி வராது, எனவே மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு டிரஸ்ட் பத்திரத்தோடு வையுங்கள்.

தானாகப் புதுப்பித்தலை நம்பவும் வேண்டாம். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, முறையாகப் பதிவு செய்த ஒப்புதல் இல்லாத தொடர் அட்டைக் கட்டணங்கள் நிராகரிக்கப்படுகின்றன. வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கிய டொமைன்கள் இப்படித்தான் பலருக்குக் காலாவதியாகின. டொமைனை ஒரே தடவையில் 10 ஆண்டுகள் வரை வாங்கலாம். ஐந்தாண்டுக்கு வாங்கிவிட்டு, முடியும் தேதியை 80ஜி பதிவு முடியும் தேதிக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மாற்றத்தை ஏப்ரல் 1 அன்று புதிய ரசீது வரிசையோடு தொடங்குவது வசதி. பத்தாண்டுப் பழைய ரசீதுகளையெல்லாம் தட்டச்சு செய்யத் தன்னார்வலர்களை உட்கார வைக்காதீர்கள். கடந்த மூன்று ஆண்டில் கொடுத்தவர்களின் பெயர், கைபேசி, பான் மட்டும் நபர்கள் தாளில் ஏறட்டும். நடுவருடத்தில் மாறுவதாக இருந்தால் நடப்பு ஆண்டின் ரசீதுகளை முழுவதும் ஏற்றி, மாதவாரி மொத்தத்தை டேலியோடு ஒப்பிட்டு, ரூபாய் சரியாக வந்த பிறகு பழைய கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டுங்கள்.